214-ஆம் வில்லை அணிந்தவன்

மூன்று மணி இருபது. ஓடுகிறேன். வலது கையில் பை. பைக்குள் கத்தரிக்கோல், நூல், சிறு தராசு, கார்பாலிக் புட்டி. புட்டி உடைந்துவிட்டது. சேலையெல்லாம் மருந்து நாற்றம். பின்னால் கெப்பல் சாலை.

முதலில் ஒரு வேட்டு. பிறகு இரண்டு. பிறகு ஏழெட்டு, சேர்ந்தாற்போல. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1915 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். காலையிலிருந்தே வெடிச் சத்தம்தான். ஆனால் சீன வெடி கொத்தாகப் பொரியும். இது சேர்ந்து வந்தாலும் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் மேட்டுப் பக்கமிருந்து எதிரொலி வந்தது.

"படு! படுத்துக்க! சிப்பாய் சுடுறான்!"

கத்தியவர் ஒரு மாட்டுவண்டிக்காரர். வண்டிக்கு அடியில் கிடந்தார். நானும் போய்க் கிடந்தேன். மாடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. அசை போட்டன. பதினொரு வேட்டு எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டேன்.

நான் மருத்துவச்சி. ஆஸ்பத்திரியில் முறையாகப் படித்துத் தேறியவள். வயது இருபத்து மூன்று. அன்று தஞ்சோங் பகார் கூலி லயனில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். பெண் குழந்தை. ஆறு ராத்தல். தாய் நலம். அந்த நாளில் நான் எழுதிய குறிப்புகளில் நல்லது இது ஒன்றுதான்.

என்ன நடந்தது என்று மாலையில்தான் தெரிந்தது. அலெக்சாண்ட்ரா பாசறையில் இருந்த இந்தியப் பட்டாளம் மறுநாள் கப்பலேற வேண்டியது. ஏறாமல் கலகம் செய்தது. அவர்கள் வடநாட்டு முஸ்லிம்கள். தமிழர் ஒருவரும் அதில் இல்லை. ஆனால் அன்று முதல் ஊரின் கண்ணுக்கு இந்தியர் எல்லாரும் ஒருவர்தான்.

ஆறு மணி பத்து. சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் சந்து. வீட்டில் இருந்தவர்கள்: அப்பா. அண்ணி பொன்னம்மா, ஏழு மாதக் கர்ப்பம். வீட்டில் இல்லாதவர்: அண்ணன் கதிர்வேல்.

அண்ணனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அன்று அவர் குழுவுக்கு வேலை இல்லை. ஆனாலும் மதியம் சாப்பிட்டதும், "துறைமுகம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை.

அவர் வரவில்லை. ராணுவச் சட்டம் வந்தது. மாலுமிகள் துப்பாக்கியோடு தெருவில் நின்றார்கள். நான் பட்டியல் போட்டுத் தேடினேன். ஆஸ்பத்திரிகள். பிணக்கிடங்கு. சுடுகாடு. கூலி லயன்கள். ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து அடித்தேன். அண்ணனின் குழுவினர், "அவனுக்கு அன்னிக்கு முறையே இல்லையேம்மா" என்றார்கள். ஒருவர் கண்ணும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18, வியாழன். மாட்டுக் கொட்டகைப் பக்கம் காதர் மைதீனைப் பார்த்தேன். அண்ணனின் கூட்டாளி. அவரும் துறைமுகக் கூலி, வேறு குழு. எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர். "காதர் அண்ணே!" என்று கூப்பிட்டேன். நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு வேகமாக நடந்து கொட்டகைகளுக்குள் போய்விட்டார். அவருக்கும் பயம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முஸ்லிமாக இருந்தால் இரண்டு மடங்கு பயம்.

மார்ச்சில் இந்தியர் எல்லாரும் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு. 3-ஆம் தேதி எங்கள் சந்துக்குப் போலீஸ் வந்தது. வீட்டில் எத்தனை பேர்? நான்கு. நிற்பவர்கள் மூன்று. நான்காவது ஆள் எங்கே?

அப்போது ஒருவன் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தான். அப்பா சலவைத் தொழிலாளி. கொடியில் பட்டாளத்துக் காக்கிச் சட்டைகள் பதினொன்று தொங்கின. கலகத்துக்கு முன்பே வெளுக்க வந்தவை. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாததால் கிடந்தவை. ஓடிய சிப்பாய்கள் உடுப்பைக் கழற்றிவிட்டு வேட்டியில் ஒளிகிறார்கள் என்று ஊரெல்லாம் தேடல். மகனைக் காணோம். வீட்டில் பதினொரு காக்கிச் சட்டை. அதற்கு மேல் அவர்களுக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

"எம் மவன் செத்திருப்பான்யா" என்றார் அப்பா. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அவர்தான்.

மொழிபெயர்ப்பாளர் தமிழர். அவர் சொன்னார்: "செத்திருந்தா பத்திரம் இருக்கும். பத்திரத்தக் கொண்டா. அப்பனக் கூட்டிட்டுப் போ. அது வரைக்கும் இவரு எங்ககிட்ட இருப்பாரு."

ஆகவே என் வேலை ஒன்றே ஒன்று. இறப்புப் பத்திரத்தைக் கண்டுபிடிப்பது.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் எனக்குப் புதிதல்ல. நான் பார்த்த பிரசவங்களின் விவரத்தை அங்கேதான் கொண்டு கொடுப்பேன். அங்கே ஏடு எழுதும் கிராணி சின்னத்தம்பி யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன பிள்ளை, பிறந்த பக்கத்தை விட்டிட்டு இஞ்சால வாறீர்? இந்தப் பக்கம் ஒருத்தரும் அழமாட்டினம். நல்ல அமைதி" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பெயரைச் சொன்னேன். கதிர்வேல். அட்டவணையைப் பார்த்தார். இல்லை. அப்பா பெயரின் கீழ் பார்த்தார். இல்லை. மறுநாள் போனேன். பெயர் தெரியாதவர்கள் என்ற பிரிவில் பார்த்தார். பொருந்தவில்லை.

வார இறுதியில் உட்கார்ந்து யோசித்தேன். ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கற்றுத் தந்த முறை ஒன்று உண்டு. நோயாளி சொல்வதை மட்டும் கேட்காதே. நேரத்தைக் கேள். இடத்தைக் கேள். கூட இருந்தவரைக் கேள். இதைப் படிக்கிறவர்களில் காணாமல் போனவரைத் தேடுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பெயரைத் தேடாதீர்கள். பெயரை எழுதியது யாரோ ஒருவர். நாளைத் தேடுங்கள், இடத்தைத் தேடுங்கள், மரணத்தை அறிவித்தவர் யார் என்ற கட்டத்தைத் தேடுங்கள்.

மார்ச் 8, திங்கள். "பிப்ரவரி பதினைஞ்சு. கெப்பல் சாலைப் பக்கம். இந்திய ஆண்கள். பெயர் வேண்டாம், எல்லாத்தையும் வாசிங்க" என்றேன்.

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும், ஐயா."

வாசித்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். வயது பொருந்தவில்லை. அடுத்தது. தொழில் பொருந்தவில்லை. அடுத்தது.

"காதர் மைதீன். ஆண். வயது சுமார் இருபத்தெட்டு. துறைமுகக் கூலி, வில்லை எண் இருநூற்றுப் பதினாலு. குண்டுக் காயம். அறிவிச்சவர் தண்டல். முஸ்லிம் இடுகாட்டில அடக்கம்."

பென்சில் நின்றது.

காதரை நான் 18-ஆம் தேதி பார்த்தேன். இவர் 15-ஆம் தேதி இறந்திருக்கிறார்.

துறைமுகக் கூலிகள் கழுத்தில் பித்தளை வில்லை அணிவார்கள். அதில் எண் இருக்கும். கூலிக் கூட்டத்தின் தலைவரான தண்டலுக்கு நூறு முகம் நினைவிருக்காது. வில்லையைத்தான் பார்ப்பார். ஒருவனுக்கு வெளியே வேறு வேலை இருந்தால் இன்னொருவன் அந்த வில்லையை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பான். லயனில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அன்றுவரை அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

"என்ன பிள்ளை?" என்றார் கிராணி.

"இந்தப் பதிவைத் திருத்த என்ன செய்யணும்?"

"சத்தியம் பண்ணி ஒரு மனு. இறந்தது இவர் இல்லை, இன்னார் எண்டதுக்குச் சாட்சி. மூண்டு வேலை நாள். எல்லாத்திலயும் சுகமான வழி இருக்கு. இந்தக் காதர் உசிரோட இருந்தால் ஆளையே கூட்டிக்கொண்டு வாரும்."

மார்ச் 9, செவ்வாய். காலை ஏழு மணி. மாட்டுக் கொட்டகையின் பின்பக்கம், வைக்கோல் அடுக்குக்குப் பின்னால் காதர் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"சத்தம் போடாத தங்கச்சி. நான் மய்யித்து, செத்த ஆளு. கேட்டுப் பாரு, எழுதியே வச்சிருக்காங்க."

நான் சிரிக்கவில்லை. அவர் அழத் தொடங்கினார்.

அவர் சொன்னது இது. பட்டாளத்தில் ஒரு சிப்பாய் அவரோடு தொழுகிறவர். மறுநாள் கப்பலேறப் போகிறவர். அவருக்கு ரொட்டியும் கறியும் கொடுத்து வழியனுப்ப ஆசை. அன்று காதரின் குழுவுக்கு வேலை இருந்தது. அண்ணனிடம் வில்லையைக் கொடுத்தார். அண்ணன் மாட்டிக்கொண்டார்.

"ஒங்கண்ணன் கேக்கல. நாந்தான் குடுத்தேன். மூணு மணிக்கு நான் பாசறை வாசல்ல நிக்கிறேன், கையில தூக்குச்சட்டியோட. சுட ஆரம்பிச்சதும் ஓடினேன். கூட ஓடுனவனெல்லாம் சிப்பாய்."

"வந்து சாட்சி சொல்லுங்க அண்ணே. அப்பா உள்ள இருக்காரு."

"வரேன். நான் உசுரோட இருக்கேன்னு எழுதுவாங்க. அடுத்து என்ன கேப்பாங்க? அன்னிக்கு நீ எங்கடா இருந்தேன்னு கேப்பாங்க. அவுட்ரம் செவுரு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அவுட்ரம் சிறையின் வெளிமதில். அங்கே நிறுத்தித்தான் சுட்டார்கள். நான் வேலை செய்யும் வார்டுக்கு அந்தச் சத்தம் வரும். பால் குடிக்கும் குழந்தைகள் திடுக்கிட்டு வாயை எடுக்கும்.

"நீ எனக்காகப் பொய் சொல்ல வேணாம். மூணு நாள் மட்டும் பொறு. தெம்பனிஸ் தோட்டத்துல ஒரு படகுக்காரன் இருக்கான். ஜொகூர் கரையில விட்டுருவான்லா. அப்புறம் நீ போய் எழுதிக் குடு. நான் எங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. அது உண்மையா இருக்கும்."

கணக்குப் போட்டேன். இன்றே மனு கொடுத்தால் வெள்ளிக்கிழமை பத்திரம். அப்பா வெள்ளியன்று வீட்டில். மூன்று நாள் பொறுத்தால் வெள்ளியன்று மனு. நடுவில் ஞாயிறு. செவ்வாய் 16-ஆம் தேதி பத்திரம். வித்தியாசம் நான்கு நாள். ஒரு பக்கம் நான்கு நாள். மறுபக்கம் ஓர் உயிர்.

சரி என்றேன்.

10-ஆம் தேதி, இடுகாட்டில் உடல்களைக் குளிப்பாட்டும் லெப்பையைப் பார்க்கப் போனேன். உடலைக் கழுவியவருக்குத் தெரியாமல் இருக்காது. என் தொழிலிலும் அப்படித்தான்.

"தெரியும்மா" என்றார். "காது குத்தியிருந்துச்சு. இடுப்புல வெள்ளி அரைஞாண். நம்ம ஆளு இல்லன்னு தண்ணி ஊத்தும்போதே தெரிஞ்சுபோச்சு. வெளிய துப்பாக்கி. யாரப் போய்க் கேக்கறது? இந்தப் புள்ள இந்தப் பேர்ல வந்துச்சு, எங்களுக்குத் தெரிஞ்ச முறையில அனுப்பி வச்சோம். குறை ஒண்ணும் வைக்கல."

ஒரு தகர டப்பாவைத் திறந்தார். வெள்ளி அரைஞாண். கொக்கி பழுதாகி, அண்ணியே நூலால் சுற்றிக் கட்டிய இடம் அப்படியே இருந்தது. கறுப்பு நூல். ஐந்து சுற்று.

"எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றார் லெப்பை.

அன்று மாலை அண்ணி கேட்டார். "பத்திரம் கெடைச்சுதா?"

"இன்னும் இல்ல அண்ணி." அரைஞாண் என் பையில் இருந்தது.

11-ஆம் தேதி அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். "இங்க ஒருத்தன் சட்டையும் வெளுப்பா இல்ல தாயி. விட்டா எல்லாத்தையும் துவைச்சுப் போட்டுட்டு வந்துருவேன்" என்றார். சிரித்தார். இருமினார். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நிமிடத்துக்கு நூற்றுப் பத்து. தோல் சுட்டது. மார்ச் 11, பிற்பகல் நான்கு மணி. காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று நான் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் இன்னொரு முறை, "இன்னும் இல்ல அண்ணி."

12-ஆம் தேதி, வெள்ளி. மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் மட்டும் இருந்தது. லெப்பையோடு போய் மனு கொடுத்தேன். அரைஞாணை மேசைமேல் வைத்தேன். கிராணி எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"அப்ப இந்தக் காதர் எங்க?"

"தெரியாது ஐயா."

உண்மைதான்.

14-ஆம் தேதி, ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு ஒரு மாத்தா சந்துக்கு வந்தான். போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்று நான் பார்த்தது அன்றுதான். அப்பா விடியற்காலையில் இறந்திருந்தார். காய்ச்சல்.

16-ஆம் தேதி, செவ்வாய். அண்ணனின் பத்திரம் சொன்னபடி வந்தது. காதர் மைதீன் என்ற பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் கதிர்வேல். கீழே கையொப்பம். அதை நீட்டி அழைத்துவர யாரும் இல்லை.

அதே மேசையில் அப்பாவின் பத்திரத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். பெயர் சரி. நாள் சரி. இடம் சரி. அறிவித்தவர் போலீஸ். தேட எதுவும் இல்லை. கிராணி அன்றே நகல் எழுதிக் கொடுத்தார். தலை நிமிரவில்லை.

மே மாதம் அண்ணிக்குப் பிரசவம். நானே பார்த்தேன். பெண். ஐந்தரை ராத்தல். தகப்பன் பெயர் கேட்ட கட்டத்தில் பெயரும், பக்கத்தில் இறப்புப் பதிவின் எண்ணும். அண்ணியிடம் அந்த மூன்று நாளைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவர் குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டின் கணக்கு.

அண்ணன் கதிர்வேல். கெப்பல் சாலை, பிப்ரவரி 15. முஸ்லிம் இடுகாட்டில் இருக்கிறார். நாங்கள் தோண்டவில்லை. லெப்பை புல் வெட்டி வைக்கிறார்.

அப்பா. மார்ச் 14. வயது ஐம்பத்தாறு.

காக்கிச் சட்டை, பதினொன்று. போலீஸ் எடுத்துப் போனது. திரும்பி வரவில்லை.

பித்தளை வில்லை, ஒன்று. எண் 214. துறைமுகம் திருப்பி எடுத்துக்கொண்டது. வேறு யாரோ அணிந்திருப்பார்.

காதர் மைதீன். இறந்தவர் ஏட்டிலிருந்து அடிக்கப்பட்டார். பெயர் பதிந்த இந்தியர் ஏட்டில் இல்லை. ஜொகூரிலிருந்து கடிதம் இல்லை. தெம்பனிஸ் போய்க் கேட்டேன். அந்த வாரம் படகுக்காரனும் திரும்பவில்லை என்றார்கள்.

நாட்கள், மூன்று. மார்ச் 9, 10, 11. அவை அப்பாவினுடையவை. கொடுத்தது நான்.