வளைவுல நிக்கிற ஆளு

கண்ணாடியத் தொடாதீக சார், ஆணி ஆடுது. விழுந்து ஒடஞ்சா எங்க வீட்டுக்காரவுகளுக்கு உசுரே போயிரும். வாடகைச் சைக்கிளக்கூட அம்புட்டுத் தொடைக்க மாட்டாக. அந்தப் படத்த வேட்டி முனையால தொடைச்ச பெறகுதான் ஊதுவத்தியே கொளுத்துவாக.

இந்தப் போட்டா நீங்க எடுத்ததுதான்னு நீங்க சொல்லித்தான் தெரியணுமாக்கும்? பஸ்ஸ விட்டு எறங்கயிலயே தெரியும். அதே தோள்பை, அதே தாடி. தாடிதான் லேசா நரைச்சுப்போச்சு. இல்ல, நான் எங்க பாத்தேன். எங்கண்ணன் சொல்லும். மலைச்சாமிங்கிறது எங்கண்ணன்தான். கம்பத்துல லாரிப் பட்டறையில இருந்துச்சுல்ல, அதுக்குத்தான இந்தப் படத்த அனுப்பி வச்சீக. இப்ப கோட்டயம் பக்கம் லாரி ஓட்டுது. எப்பவாச்சும் வரும்.

அந்த பெஞ்சுல உக்காருங்க. அவுக உத்தமபாளையத்துக்கு டயர் எடுக்கப் போயிருக்காக, வர்ற நேரந்தான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், உள்ள எங்க அத்தை படுத்திருக்காக. கண்ணுதான் மங்கல், காது நல்லாக் கேக்கும்.

ஆமா, படத்துல பலகையில உருண்டு வர்ற அந்தப் பயலுகள இப்ப ஆரு ஞாபகம் வச்சிருக்கா? பட்டறையில தேஞ்சுபோன பேரிங்க வாங்கி, லாரிப் பலகையில மாட்டி, திருப்புறதுக்கு முன்னாடி ஒரு கயித்தக் கட்டிக்கிட்டு, ஏலக்கா லாரியில தொத்தி குமுளிக்கு ஏறிருவாக. அங்கன இருந்து அடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் உருண்டு வர்றது. பிரேக்கா? டயர்ச் செருப்பத் தரையில தேய்க்க வேண்டியதுதான். தார் ரோட்டுல அந்தச் சத்தத்துக்கு மலையில இருக்கிற கொரங்கெல்லாம் கெட்ட வார்த்தையில வையும்னு எங்கண்ணன் சொல்லும். அது எமர்ஜென்சி சமயம். கரண்டு எடுக்கிற தண்ணிக் குழாயப் படம் புடிக்க வந்த உளவாளின்னு காவக்காரக ஒங்களச் சுத்தி நின்னுக்கிட்டாகளாம்ல. பயலுக பலகையத் தூக்கிக்கிட்டு வந்து, எங்களத்தான்யா எடுக்குறாருன்னு சத்தம் போட்ட பெறகுதான் விட்டாகளாம். சிரிக்கிறீக. அன்னைக்கு மொகம் வெளுத்துப்போச்சு ஒங்களுக்கு. அதுவும் அண்ணன் சொன்னதுதான்.

பேரா? எதுக்கு? ஓகோ, பட்டணத்துல படமெல்லாம் வரிசையா மாட்டி வைக்கப் போறாகளா. கறுப்பு வெள்ளைய இன்னும் காசு குடுத்துப் பாக்குறாகளா என்ன. மொகம் தெளிவாத் தெரியுற மத்தவக பேரெல்லாம் கெடச்சிருச்சு, வளைவுல பலகை மேல நிக்கிற ஆளு பேருதான் இல்லையாக்கும். ம். வாசல்ல போர்டு பாத்தீகளா? சைக்கிள் மார்ட்டுக்கு முன்னாடி அவுக பேரு போட்டிருக்கும். படிச்சீகள்ல? அந்தப் பேரத்தான் ஊரே சொல்லும். இந்தக் காமயகவுண்டன்பட்டியில எந்த டீக்கடையிலயும் கேட்டுப் பாருங்க.

காலு சின்னதாத் தெரியுதா? போட்டாவுல எல்லாம் சின்னதாத்தான சார் தெரியும்.

இந்தப் படம் எங்க கல்யாணத்துக்குத்தான் இந்த வீட்டுக்கு வந்துச்சு. அண்டா, குத்துவிளக்கு, மெத்தைன்னு சீர் எறக்குறப்ப, எங்கண்ணன் இதையும் கண்ணாடி போட்டுக் கொண்டாந்து வச்சிருச்சு. பொம்பளைக கூடிக்கிட்டாக. படத்துல நிக்கிற ஆளு மொகத்தச் சுத்தித் துண்டு கட்டியிருக்கு, கண்ணு மட்டுந்தான் தெரியுது. யாருடி இது, யாருடி இதுன்னு என்னையப் போட்டுப் புடுங்குறாக. நான் வாயத் தொறக்கல. எங்க நாத்தனா கைகொட்டிச் சிரிச்சுப்பிட்டா. அடியே, புருசன் பேரச் சொல்ல மாட்டாம முழிக்கிறாடி, விடுங்கடின்னா. அம்புட்டுத்தான். எங்க அத்தைக்குப் பூரிப்புத் தாங்கல, அங்கனயே மகனுக்குத் திருஷ்டி சுத்திப்போட்டாக.

அவுக உள்ள வந்து படத்தப் பாத்தாக, என்னையப் பாத்தாக, சிரிச்சாக. நானுஞ் சிரிச்சேன். நல்ல கூத்துத்தான்னு இருந்துச்சு. மறுநா ஆரோ இது நீதானான்னு கேட்டப்ப அவுக சிரிக்கல, இல்லைன்னும் சொல்லல. கடை வச்ச பெறகு பயலுக வந்து கேக்க ஆரம்பிச்சானுக. இப்ப இவுக நின்னு காட்டுறதென்ன, வளைஞ்சு காட்டுறதென்ன. வளைவு வந்ததும் கயித்த இறுக்கி இழுக்கணும்டான்னு சொல்லுவாக. இழுத்தா தூக்கி எறிஞ்சிரும் சார். வளைவுல கயித்தத் தளத்தி விடணும், ஒடம்ப மலைப்பக்கமாச் சாய்க்கணும். எந்தப் பயலாச்சும் இவுக பேச்சக் கேட்டுப் போயி பள்ளத்துல விழப்போறான்னு பயந்துக்கிட்டே பஞ்சர் ஒட்டுவேன்.

எனக்கு எப்படித் தெரியும்னா? நாந்தான சார் அது.

அப்படிப் பாக்காதீக. அண்ணன் கால்சட்டை, அண்ணன் துண்டு. சடைய உள்ள சுருட்டிக் கட்டுனா ஆருக்குத் தெரியும்? அண்ணனுக்குத் தெரியும், இவுகளுக்குத் தெரியும். எம்பின்னாடி ஒரு பலகையில உக்காந்து வர்றது இருக்குல்ல, அந்தா, மங்கலா, அவுகதான் அது. அன்னைக்கு நான் நின்னு வந்ததப் பாத்துட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்தாக. கட்டுனா இந்தப் புள்ளையத்தான் கட்டுவேன்னு எங்கண்ணன்கிட்ட ஒத்தக்கால்ல நின்னாக. கட்டுனாக. கட்டிட்டு, இனிமே அதெல்லாம் வேணாம் புள்ளன்னாக. அதெல்லாம்னா என்னன்னு கேட்டேன். துண்ட ஒதறிக்கிட்டு வெளிய போயிட்டாக. கடை நெறையச் சைக்கிள் கெடக்கு, எண்ணெய் போடுறேன், பெடல அடிச்சுச் சக்கரத்தச் சுத்தவிட்டுப் பாக்குறேன். ஒன்னுலகூட ஏறுனதில்ல. வீடு உள்ள, கடை வெளிய, நடுவுல இந்தப் பலகைக் கதவு. கோயிலுக்குப் போனாலும் அத்தை கூட வருவாக.

கெட்ட மனுசரில்ல சார். குடி கெடையாது, கைநீட்ட மாட்டாக. காச்சல்னா கஞ்சி வச்சுக் குடுப்பாக. சாயங்காலம் நாலு பேரு முன்னாடி அந்தப் படத்தக் காட்டிப் பேசுறப்பதான் அவுக மொகத்துல ஒரு வெளிச்சம் வருது. அதையும் புடுங்கிட்டா, ராத்திரி என் கண்ண எப்படிப் பாப்பாக? ஆனா பட்டணத்துலயும் அந்தப் பேரத்தான் எழுதணுமா? இங்கன ஆணியில மாட்டியிருக்கிறது போகட்டும். அங்கனயுமா?

சுப்புத்தாயி. எம்பேரு. என்னமோ, ஒருக்கா சொல்லிப் பாக்கலாம்னுதான்.

இருங்க, பென்சில எடுக்காதீக. அவுக சைக்கிள் மணிதான் அது. நான் ஒன்னுஞ் சொல்லல, நீங்க ஒன்னுங் கேக்கல. அவுக வாயால என்ன பேரு வருதோ, அதையே எழுதிக்கங்க. சத்தியமா, அதுக்கப்பறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஏங்க, டயர அங்கன போட்டுட்டு இங்கன வாங்க. பட்டணத்துல இருந்து போட்டாக்கார சார் வந்திருக்காக. இந்தப் படத்துல நிக்கிறது ஆருன்னு கேக்குறாக. என் வாயால எப்படிச் சொல்ல? நீங்க சொல்லுங்க.