மச்சான் தூக்கிய கை

இந்த விருந்துக்குத் தலைமை ஏற்று, என் பெயரைக் கூப்பிட்ட கையோடு கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்ட மதிப்பிற்குரிய ஓலிங்கா அம்மையார் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளில் முதுமையோடும் முறுவலோடும் அமர்ந்திருக்கும் ஆற்றங்கரைப் பெரியவர்களே! மூஸ் மான் சூப்பு மணக்க, உலர்ந்த சால்மன் மீன் ஒளிர, கொழுப்பில் குழைத்த காட்டுப்பழம் கிண்ணம் கிண்ணமாய் நிறைய, இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தை ஒரு பெரிய அடுக்களையாக்கிய தாய்மார்களே! வெளியூரிலிருந்து வந்து முதற்பரிசைத் தட்டிச் சென்ற தம்பி அவர்களே! நாய்வண்டிப் பந்தயக் குழு உறுப்பினர்களே, உங்களில் இருவர் நீங்கலாக! சுவருக்கு வெளியே கட்டிக்கிடந்து, நாம் தின்பதை மோப்பம் பிடித்தும் குரைக்காமல் பொறுத்திருக்கும் நாய்ப் பெருமக்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

அந்த இருவர் யார் என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மேலே போவோம்.

ஐந்தாவதாக வந்தவனுக்கு இந்த மேடையில் என்ன வேலை? ஒவ்வொரு பந்தயக்காரனும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்பது இந்த விருந்தின் வழக்கம். இதுவரை நான் இரண்டே வார்த்தைதான் பேசியிருக்கிறேன். பல ஆண்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். நன்றி சொல்வது எனக்குப் பழகாத தொழில். மனத்தில் கசப்பை உலர்த்தி, உப்புப் போட்டு, பரண் நிறைய அடுக்கி வைத்திருப்பவன் நான். இன்று அந்தப் பரணிலிருந்து ஒன்றை இறக்கப் போகிறேன். அதனால் அம்மையார் அவர்கள் கடிகாரத்தைச் சற்றே மறந்தருள வேண்டும்.

முதலில், வெற்றி பெற்ற தம்பிக்கு ஒரு செய்தி. இவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குஸ்கோக்விம் ஆற்றில் அத்தை மகன், மாமன் மகன் என்றால் மச்சான். மச்சான் என்றால் கேலி. கேலி செய்வது அவன் விருப்பம் அல்ல, கடமை. நான் சறுக்குவண்டியிலிருந்து விழுந்தால் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வேண்டியவன் அவன். எனக்குத் தலைக்கனம் ஏறினால் அதைக் குட்டி இறக்க வேண்டியவன் அவன். அவன் சொன்னதற்கு நான் கோபப்படக் கூடாது; திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவனை மச்சான் கேலி செய்கிறான் என்றால் அவன் ஊரில் ஒருவனாக இருக்கிறான் என்று பொருள். கேலி செய்ய ஆளில்லாதவன் யார்? செத்தவன். அல்லது செத்ததற்குச் சமமானவன்.

எனக்கு ஒரு மச்சான் உண்டு. அதோ, கதவோரம், தொப்பியைக் கழற்றாமல், கையில் கட்டோடு, மூன்றாவது கிண்ணத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறானே, என் அத்தை மகன் கோல்கா, அவன்தான்.

நான் பட்டணத்தில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வாத்தியாராக வந்த புதிதில், கோல்கா ஒரு குட்டியை வளர்த்தான். அதற்கு என்ன பெயர் வைத்தான்? வாத்தியார். நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். சன்னலுக்கு வெளியே ஆற்றங்கரையில் அவன் குரல் கேட்கும்: “வாத்தியாரே, உக்காரு. வாத்தியாரே, அதைத் திங்காத.” பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து சிரிப்பார்கள். நான் விட்டேனா? என் வண்டி இழுக்கும் நாய் அணியில் இருந்ததிலேயே சோம்பேறிக் கடுவனுக்குக் கோல்கா என்று பெயர் வைத்தேன். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. அது ஒரு காலம்.

பிறகு ஒரு கூட்டம் வந்தது. இதே மண்டபத்தில்தான். இந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் யார் என்று ஊர் முடிவு செய்ய வேண்டிய கூட்டம். இந்த மண்ணில் பிறந்து, இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பேசிய மொழியைப் பேசுகிற நான் ஒருபுறம். நம் குளிரை வரைபடத்தில் மட்டும் பார்த்திருந்த வெளியூர் மனிதர் மறுபுறம். அவர் வேண்டும் என்போர் கை தூக்குங்கள் என்றார்கள். கைகள் எழுந்தன. எழுந்த கைகளில் முதல் கை எவனுடையது?

அவனுடையது.

வந்தவர் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காமல் விமானம் ஏறிவிட்டார் என்பதை இங்கே யாரும் நினைவுபடுத்த வேண்டாம். நானே நாள்தோறும் நினைத்துக்கொள்கிறேன்.

கை தூக்கியதைக்கூட நான் ஒரு மூலையில் வைத்துவிட்டிருப்பேன். அதற்குப் பிறகு கோல்கா செய்ததுதான் தாங்க முடியாதது. என்ன செய்தான்? மரியாதை கொடுத்தான். கடையில் பார்த்தால், “வணக்கம் சார், சௌக்கியமா?” என்றான். ஆவிக்குளியல் அறையில், துணியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட, “சாருக்குக் கொஞ்சம் எடம் விடுங்கப்பா” என்றான். கடைசியில் தன் நாயின் பெயரையும் மாற்றினான். வாத்தியார் என்ற நாய் ஒரே நாளில் செம்பன் ஆனது. பாவம், யாராவது என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டால், பழைய பெயர் நினைவில் அதுவும் திரும்பிப் பார்க்கும். என் மனைவி மாத்ரோனா ஒருநாள் சொன்னாள்: “உன் மச்சான் உனக்குக் கருமாதி முடிச்சிட்டான்யா.” உண்மை. இத்தனை ஆண்டும் இந்த ஊரில் எனக்கு வணக்கம் கிடைத்தது. கேலி கிடைக்கவில்லை.

பள்ளி வேலையை விட்டேன். நாய்களைப் பிடித்துக்கொண்டேன். நாய் கை தூக்காது அல்லவா?

இனிப் பந்தயத்துக்கு வருகிறேன். அம்மையார் கை காட்டுகிறார்; பார்த்துவிட்டேன், அம்மா.

உறைந்து கிடந்த ஆற்றின் மேல்முனையைத் தொட்டுவிட்டு அணிகள் ஊருக்குத் திரும்பும் பாதை. நடுப்பகல் தாண்டியிருந்தது. முதலில் போய்க்கொண்டிருந்தவன் கோல்கா. எத்தனையோ ஆண்டு இரண்டாவதாக வந்தவன், மூன்றாவதாக வந்தவன், ஒருமுறைகூட முதலில் வராதவன். இந்த ஆண்டு அவனுக்கென்றே பனி இறுகியிருந்தது. அவனுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் எங்கேயோ இந்தத் தம்பி. என் மனத்தில் இருந்தது வெற்றி என்று நினைக்கிறீர்களா? இல்லை. அவன் முதுகு. அந்த முதுகைத் தாண்ட வேண்டும் என்ற ஒரே வெறி.

வளைவுக்கு முன்னால் பனிக்கட்டிக்கு மேல் நீர் ஏறிக் கிடந்தது. நாய்கள் நனைந்துவிட்டன. என் தலைநாய் கெண்டி, மூச்சு விட்டால் கொதிக்கிற கெண்டிபோல் சீறுகிற என் கெண்டி, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் பாதத்துக்குப் போட்டிருந்த துணிக் காலுறை நனைந்து உறைந்துவிட்டது. மாற்ற வேண்டும். கரையில் வில்லோ புதர் இருந்தது. வண்டியை அதில் கட்டிவிட்டு இறங்க வேண்டும் என்பது நடை பழகும் குழந்தைக்குத் தெரியும். கட்டினேனா? முதுகு தெரிகிறதே, நேரம் போகிறதே என்று வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பனிக்கொக்கியைக் காலால் மிதித்துவிட்டு முன்னால் ஓடினேன். அங்கே பனியா இருந்தது? வழுவழுவென்ற வெறும் பனிக்கட்டி. கொக்கி அதில் எப்படிப் பிடிக்கும்? பழைய காலுறையைக் கழற்றினேன். முன்னால் எங்கோ கோல்காவின் நாய்கள் குரைத்தன. என் நாய்கள் பாய்ந்தன. கயிறு என் கையை உரசிக்கொண்டு போயிற்று. வண்டி என் முழங்காலைத் தட்டிவிட்டுப் போயிற்று. நான் ஆற்றின் நடுவில், கையில் ஒரு சின்னக் காலுறையோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆளில்லாமல் ஓடும் அணிக்கு என்ன ஆகும்? இங்கே நாய் வளர்க்காத வீடு எது, நான் சொல்வதற்கு? கயிறு பின்னும். கழுத்து இறுகும். மற்ற நாய்கள் இழுத்துக்கொண்டே போகும். செங்குத்துக் கரைக்கு அடியில் நீரோட்டம் பனியைத் தின்று வைத்திருக்கும். அங்கே தலைநாய் இறங்கினால் எல்லாம் இறங்கும். நான் நடந்தேன். கூப்பிட்டேன். காற்று என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. பந்தயம் போகட்டும், பெயர் போகட்டும், கெண்டி மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று, யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நான் அந்த ஆற்றிடம் கேட்டேன்.

வளைவைத் திரும்பினேன். கரையோரப் புதரில் இரண்டு அணிகள் கட்டியிருந்தன. புகை வந்துகொண்டிருந்தது. என் வண்டியின்மேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் கெண்டி சுருண்டு படுத்து, அவன் வெட்டிப் போட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். வணக்கம் சார் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னான்:

“வாடா மச்சான். பின்னாடி நாய்ச் சத்தம் கேட்டுச்சு, வழி விட ஒதுங்குனேன். பாத்தா வண்டியில ஆளே இல்ல. சரி, வாத்தியாரு அவ்வளவு எளச்சுட்டான்போலன்னு நெனச்சேன்.”

அவன் விடவில்லை.

“ஒன் கெண்டி ஒரே அழுக. ‘அண்ணே, எங்கள அந்தாளுகிட்ட திருப்பி அனுப்பாதீங்க, வழியெல்லாம் சரித்திரப் பாடம் நடத்துறான்’னு சொல்லுது. நான் என்ன பதில் சொல்ல?”

தாய்மார்களே, அந்தக் குளிரில் கண்ணீர் விட்டால் இமை ஒட்டிக்கொள்ளும். ஆகவே நான் அழவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தேநீர் ஊற்றி நீட்டினான். குடித்தேன். என் கடமையைச் செய்தேன். “இது டீயா, நாய் கழுவுன தண்ணியா?” என்றேன். அவன் ஒரு சுள்ளியைக் காலால் நெருப்பில் தள்ளினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “இத்தன வருசமா நல்லாத்தான் இருந்துச்சு போல. ஒருத்தனும் கொற சொல்லல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேலி இல்லாமல் செத்துக் கிடந்தவன் நான் ஒருவன் மட்டுமா?

அவிழ்ந்துவரும் அணியைப் பிடித்துக் கட்டிவிட்டுப் போவது நம் ஆற்று வழக்கம். கட்டிவிட்டுப் போயிருந்தால் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்க முடியாது. நானும் சொல்லியிருக்க முடியாது, முயன்றிருப்பேன். ஆனால் கெண்டியின் கழுத்தில் கயிறு முறுக்கிக் கிடந்தது. நீரில் நனைந்து இரும்பாய் உறைந்த கயிறு. கையுறையோடு அதை அவிழ்க்க முடியாது. அவன் கையுறையைக் கழற்றி எறிந்தான். வெறும் விரலால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். காற்று ஏறிக்கொண்டிருந்தது, நாய்களை விட்டுப் போனால் கயிற்றைக் கடித்துவிடும் என்று உட்கார்ந்திருந்தான். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே இந்தத் தம்பியின் அணி எங்களைத் தாண்டிப் போயிற்று, பின்னாலேயே இன்னும் இரண்டு அணிகள். தம்பி, நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒருவன் கை தூக்கி உங்களுக்கு வழிகாட்டினான். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த முதற்பரிசு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக் கை தூக்கினான். விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்த கை அது.

எந்தக் கை? அதே கை. என்னை வேண்டாம் என்று முதலில் உயர்ந்த அதே வலது கை.

கேட்டுவிட்டேன். அன்று ஏன் தூக்கினாய் என்று. அவன் சொன்னான்: “நீ தலைமை வாத்தியாரானா புள்ளைங்க பாவம்னு தூக்குனேன்டா. இப்பப் பாரு, நாய்ங்க பாவம்.”

இது ஒரு பதிலா? இல்லை. ஏற்றுக்கொண்டேனா? இல்லை. கோல்கா, நீ கேட்டுக்கொள்: அந்தக் கூட்டத்தை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் அந்தக் கையை இனி நினைக்கும்போது கெண்டியின் கழுத்தில் அது அவிழ்த்த முடிச்சுகளும் கூடவே வந்து நிற்கும். அதற்கு நான் என்ன செய்ய?

வழியில் பிறர் உதவி பெற்றதால் என்னைப் பந்தயத்திலிருந்து நீக்க வேண்டும் என்று, நான் வணக்கத்தில் விட்டுவிட்ட அந்த இருவர் மனுக் கொடுத்தார்களாம். தலைவர் அம்மையாரே, நீங்கள் அந்த இருவரிடம், உதவி வாங்குவது குற்றமானால் இந்த ஆற்றங்கரையில் உயிரோடு இருக்கிற எல்லோரும் குற்றவாளிகள்தான், என்னையும் சேர்த்து நீக்குங்கள் என்று சொல்லி அதைக் கிழித்துப் போட்டீர்கள். அதற்கு நன்றி, அம்மா. நான்காவதாகக் கோல்கா, ஐந்தாவதாக நான். கடைசி மேட்டில் அவனைத் தாண்டியிருக்கலாம். கெண்டி அவன் வண்டியைத் தாண்ட மறுத்துவிட்டாள். என் சொல்லைக் கேட்காத என் நாய்க்கும் நன்றி.

முடிக்கிறேன். முடிக்கும் முன் இந்த அவையில் ஒரு தீர்மானம். இந்த ஆற்றில் கோல்காவைப்போல மட்டமாகத் தேநீர் போடுகிறவன் வேறு யாரும் இல்லை. இதை ஏற்போர் கை தூக்குங்கள்.

பார்க்கிறேன். பெரியவர்கள் தூக்குகிறார்கள். தாய்மார்கள் இரண்டு கையும் தூக்குகிறார்கள். மாத்ரோனா, நீ அதைக் குடித்ததே இல்லையே. எல்லோருக்கும் முன்னால், கதவோரத்தில், கட்டுப் போட்ட ஒரு வலது கை உயர்ந்திருக்கிறது. அவைக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த முறையும் முதல் கை அவனுடையதுதான்.

என்ன கோல்கா? உரக்கச் சொல், கேட்கவில்லை.

“வாத்தியாரே, உக்காரு” என்கிறான்.

உட்காருகிறேன், மச்சான். எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.