கண்ணுக்குச் சுத்தமான கல்

என் பெயரும் கதவு எண்ணும் மேலே எழுதியபடி. வயது நாற்பத்து மூன்று. கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். நான் கடைவீதி நகைக்கடையின் வைரப் பிரிவில் பதினோரு வருடமாக விற்பனை செய்கிறேன். கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்குவதால் கடையில் என்னை லென்சக்கா என்பார்கள். மூன்று நாட்களுக்கு முன் இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய். இன்று நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

கடையை நடத்துவது முதலாளியின் மருமகன். அவரைச் சின்னவர் என்போம். திங்கட்கிழமைதோறும் கடை திறக்கும் முன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, வைரத்தைப் பற்றி எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் எடுப்பார். கல்லுக்குள் விரிசல் இருந்தால் இறகு என்று சொல்ல வேண்டும். கரும்புள்ளி இருந்தால் மச்சம். பழுப்பேறிய கல் ஷாம்பெயின். லென்சில் குப்பையாகத் தெரிந்து வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கண்ணுக்குச் சுத்தம். விரிசலுக்குள் கண்ணாடியை உருக்கி ஊற்றி மறைத்திருந்தால் தெளிவு கூட்டிய கல். இவற்றைப் புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான்தான். நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன்.

எட்டு மாதம் முன்பு ஒரு பஸ் டிரைவர் தன் மனைவியோடு வந்து மோதிரம் பார்த்தார். "நமக்கு வைரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. குறை ஏதாவது இருந்தா சொல்லிடு" என்றார். நான், "கண்ணுக்குச் சுத்தமான கல்லுண்ணே, தெளிவு கூட்டினது" என்றேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "தெளிவு கூட்டியிருக்காம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த அம்மா மோதிரத்தைக் கழற்றாமல் விரலிலேயே போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு, போன செவ்வாய்க்கிழமை, விரல் வீங்கி மோதிரம் இறுக்குவதாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சின்னவர் உறையின் மேல் 'பெரிதாக்கு' என்று மட்டும் எழுதிப் பின்கட்டில் இருக்கும் பட்டறைக்காரரிடம் அனுப்பினார். கல்லுக்குள் ஊற்றிய கண்ணாடி நெருப்புத் தாங்காது என்பதை எழுதவில்லை. பட்டறைக்காரர் வழக்கம்போல ஊதுகுழலால் சூடு காட்டியிருக்கிறார். அதன் பிறகு அவர் மோதிரத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "லென்சக்கா, இதப் பாருங்க. வைரம் இப்படி ஆகுமா? நான் வேற ஒண்ணும் செய்யல" என்றார். லென்சில் பார்த்தேன். உள்ளே இருந்த கண்ணாடி கசிந்து, விரிசல் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. காரணம் எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு மோதிரம் சின்னவரிடம் போனது. அவர் தன் அறையில் வைத்து அந்தக் கல்லைக் கழற்றிவிட்டு, அதே அளவில் ஒரு கண்ணாடிக் கல்லைப் பதித்ததை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் டிரைவரை வரவழைத்து, பட்டறைக்காரர் வைரத்தைத் திருடிவிட்டுக் கண்ணாடியை வைத்துவிட்டார் என்று சொன்னார். டிரைவர் பட்டறைக்காரரின் சட்டையைப் பிடித்து அறைந்தார். அவர், "நான் எடுக்கலைங்க" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவர் டிரைவரின் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, தட்டிய கையை டிஷ்யூவால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, "சுத்தமான கல்லத்தான் வித்தேன்னு ஸ்டேஷன்ல சொல்லு. அதுல பொய் எங்க இருக்கு? முன்னாடி 'கண்ணுக்கு'ங்கிற ஒரு வார்த்தை விட்டுப்போகுது, அவ்வளவுதான்" என்றார். நான் அப்படியே சொன்னேன். பட்டறைக்காரரைப் பிடித்து வைத்தார்கள். வீட்டுக்குப் போய் இரண்டு முறை பல் தேய்த்தேன்.

இன்று காலைப் பாடத்தில் சின்னவர் ஒரு கல்லைத் தட்டில் வைத்து, "இது பனி வைரம். உள்ள பனி உறைஞ்ச மாதிரி இருக்குன்னு சொல்லுங்க. கல்யாணம் நிச்சயமானவங்க விரும்பி வாங்குவாங்க" என்றார். பெண்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் லென்சில் பார்த்தேன். ஓரத்தில் ஒட்டினாற்போல இரண்டு கரும்புள்ளிகள். டிரைவரின் மோதிரத்திலிருந்து கழற்றிய அதே கல். எல்லோரும் கலைந்த பிறகு கல்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, கடைச் சீருடையோடு இங்கே நடந்து வந்தேன். கல்லை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். மோதிரத்தோடு கொடுத்து, டிரைவர் வீட்டில் இருக்கும் சான்றிதழில் இந்தக் கல்லின் படம் உண்டு. அதில் அந்த இரண்டு புள்ளிகளும் குறித்திருக்கும்.

நிலையத்து நடையில் பட்டறைக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா, அது நெசமாவே வைரந்தானா?" என்று கேட்டார். "வைரந்தாம்ப்பா. வரும்போதே விரிசல் விட்ட வைரம். உன் கைமேல தப்பில்ல" என்றேன். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை.

அவரை விட்டுவிட வேண்டும். விற்றது என் வாய் என்பதால் என் பெயரையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(கையொப்பம்)