ஒன்பது சொட்டு

அருள்நாதனின் இரண்டு கண்ணுக்கும் கம்பெனி இரக்கப்பட்டுப் போட்ட விலை ஆயிரத்து நானூறு ரூபாய், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் ராயபுரம் கருவாட்டு மண்டியில் பேரம் கேட்டு வளர்ந்தவன். முதல் விலைக்கே தலையாட்டிய ஆளை அங்கே பார்த்ததில்லை. இவன் ஆட்டினான். கைநாட்டு வைக்க வேண்டிய இடத்துக்கு அவன் கட்டைவிரலைப் பிடித்துக் கொண்டுபோனவன் நான்தான்.

திருவொற்றியூர்ப் பட்டறையில் அவன் தொட்டிக்காரன். பிசுக்கேறிய லாரி உறுப்புகளைக் காஸ்டிக் சோடா கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுப்பான். தொட்டியில் காரம் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. ஒரு கிண்ணம் மொண்டு மருந்து விட்டால் ரோஸ் நிறமாகும். நிறம் போகும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பதினெட்டு சொட்டு பிடித்தால் சரி. குறைந்தால் சோடா போட வேண்டும். அருள்நாதனோ ஒரு துளியை விரலிடுக்கில் தேய்த்து, வழவழப்பை வைத்தே சொல்லிவிடுவான். பிசகியதே இல்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் அவனுக்குப் பாரசீகத்து அபாதானில், எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்தது. பெண்சாதி ஃப்ளோரன்ஸோடு கப்பலேறப் போகிறானாம். இருபது வருஷம் என்னோடு ஒரே தட்டில் தின்றவன், கடிதத்தைக் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஃபோர்மன் நற்சான்று கொடுத்தால்தான் கப்பல். தொட்டியில் காரம் மிஞ்சி ஒரு லோடு சாமான் அரித்துப்போனால் நற்சான்று கிடையாது. நான் நினைத்தது அவ்வளவுதான்.

சொட்டுகளை அவனும் கூடவே எண்ணுவான். எண்ணிக்கையில் பொய் சொல்ல வழியில்லை. அதனால் அமிலத்தில் சொன்னேன். இரண்டு மடங்கு வீரியமாகக் கலந்து புட்டியில் வைத்தேன். ஒன்பதாவது சொட்டிலேயே நிறம் போய்விட்டது.

அவன் விரலைத் தேய்த்துப் பார்த்தான். "இன்னா மாமு, கைக்குக் கெட்டியாத்தான் கீது. உன் புட்டி பாதிதான் காரம்னுது?"

"உன் விரலு இன்னா, பரீட்சை பாஸ் பண்ணிக்கீதா?" என்றேன்.

சிரித்தான். கொதிக்கும் தொட்டியில் சோடாவைப் பிடிபிடியாகத்தான் போட வேண்டும். சங்கு ஊதுவதற்குள் லோடு ஏறணும் என்று நான் அவசரப்படுத்தினேன். முழு டின்னையும் கவிழ்த்தான். தொட்டி பொங்கி அவன் முகத்துக்கு எழுந்தது.

அவனுடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள். அவனும் ஒத்துக்கொண்டான். தினமும் சாயங்காலம் கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். என்னைப்போல் ஒரு தோஸ்து யாருக்குக் கிடைப்பான் என்று ஃப்ளோரன்ஸ் தெருவெல்லாம் சொல்கிறாள். அவன் மணலில் உட்கார்ந்து வெறும் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பான்.

"உன் புட்டி மேல தப்பில்ல மாமு. கடைசியில என் விரலுதான் பொய் சொல்லிட்டுது."

எவ்வளவோ கேட்டீர்கள் ஐயா. பக்கத்திலேயே நின்ற என்மேல் ஒரு துளிகூட ஏன் படவில்லை என்று கேட்கவில்லை. அவன் டின்னைத் தூக்கும்போதே நான் நாலடி தள்ளிப் போய்விட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். விழ வேண்டியது பதினெட்டு சொட்டு. விழுந்தது ஒன்பது. பாக்கி ஒன்பதும் என் பேரில். என் வரவுப் பக்கத்தையும் காலியாக விடாதீர்கள். அவன் அபாதான் போகவில்லை.