காற்றாடி அக்காவின் கைகள்

ஒரு கட்டைவிரல்! கட்டிய கைக்குள்ளே, முழங்கை மறைவிலே, மெல்ல மடங்கி மெல்ல நிமிர்ந்த ஒரு கட்டைவிரல்! அதைத்தான் நான் முதலில் கண்டேன்.

பொறுத்தருளுங்கள், பதற்றத்தில் வணக்கத்தை விழுங்கிவிட்டேன். அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பைத் தையற்கூடத்து முதலாளி அண்ணன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பத்து விரலால் பல வயிறு காக்கும் தாய்மார்களே, பின்னால் நின்று சிரிக்கும் தோழியரே, அனைவருக்கும் வணக்கம்! சிரியுங்கள், சிரியுங்கள். ‘வாய்ப்பூட்டு’ மேடையேறினால் சிரிப்பு வராதா? ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரண்டாண்டு தலையாட்டியே காலம் தள்ளியவள் நான். ஆனால் காற்றாடி அக்காவைப் பற்றிப் பேச நான் வராமல் யார் வருவார்?

துணி வெட்டும் மேசையின் அரசி எங்கள் அக்கா. அவர் நினைத்தால் கை சுழலும். கை சுழன்றால் வழி பிறக்கும். வெறுங்காற்றிலே துணி விரிப்பார், வெறுங்காற்றிலே மடிப்பார், வெறுங்காற்றிலே கத்தரிப்பார்!

அன்று புதுப் பைக்கு மாதிரி தைத்தோம். உள்துணியில் ஒரு சிறு பை. உள்துணியை வெளித்துணியோடு வாயோரம் இணைத்து மேசையில் விரித்தபோது அந்தச் சிறு பை நேராக இருந்தது. உள்துணியை உள்ளே தள்ளியதும் தலைகீழாகத் தொங்கியது. மூன்று முறை தைத்தோம். மூன்று முறையும் தலைகீழ்! விளக்க வந்த அக்காவின் கை பட்டு, முதலாளியின் டீ வரைபடத்தின் மேல் கவிழ்ந்தது.

“கையைக் கட்டிக்கிட்டுப் பேசும்மா! மதியத்துக்குள்ள சரியா வரலைன்னா வெட்டுற மேசைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நீ நூல் பிசிறு வெட்டப் போ.”

(முறைக்காதீர்கள் அண்ணா, உங்கள் சட்டையும் நனைந்தது, கோபம் நியாயம்தான்.)

அக்கா கையைக் கட்டினார். “அது வந்துண்ணே... உள்துணி மேல... இல்ல, கீழ...” பன்னிரண்டாண்டு அறிவு எங்கே போயிற்று? பறந்தா போயிற்று? கரைந்தா போயிற்று? இல்லை, அக்குளுக்குள் அடைபட்டுக் கிடந்தது! அந்தக் கட்டைவிரல் மட்டும் வெளியே வர வழி தேடியது.

“அண்ணே,” என்றேன். கூடமே திரும்பியது.

“அடி ஆத்தி, பூட்டு திறந்துருச்சு!” என்றார் பொத்தான் தைக்கும் அத்தை.

“அக்காவைக் கையை ஆட்ட விடுங்கண்ணே. அவங்க அதுலதான் யோசிக்கிறாங்க. டீயை வேணா நான் பிடிச்சுக்கறேன்.”

முதலாளி சிரித்துவிட்டார். “சரி, சுத்தட்டும்.”

அக்காவின் இடக்கை வெளித்துணி; வலக்கை உள்துணி; விரல்நுனி பெரிய பையின் வாய். நுனியோடு நுனி சேர்த்து, வலக்கையை மேலே நிறுத்தினார். அப்படியே மடக்கி இடக்கைக்குள் இறக்கினார். கீழ்நோக்கிய விரல்கள் மேல்நோக்கின!

“அடியேய்! மடக்குறதுக்கு முன்னாடி தலைகீழா இருந்தாத்தான்டி, மடக்கினப்புறம் நேரா நிக்கும்!”

கை ஆடினால் கவனம் சிதறும் என்போரே, கேளுங்கள்! வாய் தோற்ற இடத்தில் வழி கண்டது எது? கை! மூன்று மாதிரியும் காட்டாததைக் காட்டியது எது? வெறுங்கை! வேலை செய்யும் கையை வணங்குகிறோம். யோசிக்கும் கையை மட்டும் ஏன் கட்டுகிறோம்? கட்டாதீர்கள், அவிழ்த்துவிடுங்கள்!

இன்று வெட்டுப் பிரிவுக்குத் தலைவியாகும் அக்காவுக்கு என் வாழ்த்து. பூட்டு திறந்ததைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.

அப்புறம் என்ன செய்தாய் என்கிறீர்களா அத்தை? நான்காவது மாதிரியில் சிறு பையைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். உள்ளே மடக்கி, என் நூல்கத்தரியை அதில் போட்டு, எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன்.