உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுங்கள்

அதட்டியும் அணைத்தும் எங்கள் பிள்ளைகளை ஆளாக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! விழிகளுக்கு விளக்கேற்றும் கண் மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் 'இந்த ஆள் எப்போது முடிப்பார்' என்ற கேள்வியுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் சாய்ந்து நிற்கும் என்னையொத்த தகப்பன்மார்களே! அனைவருக்கும் இந்தத் தச்சனின் தலைதாழ்ந்த வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். மரம் அறுப்பவன். இன்று கழுத்தறுக்க அழைத்திருக்கிறார்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

பலகை நேரா, வளைவா என்று தச்சன் எப்படிப் பார்ப்பான்? முனையைக் கண்ணருகே தூக்கி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை விளிம்போடு ஓடவிடுவான். ஆறு வயது மகள் எனக்கு. குண்டூசி என்று கூப்பிடுவோம். அவளும் அப்படியே பார்ப்பாள். பலகையை மட்டுமா? பாடப்புத்தகத்தை, தொலைக்காட்சியை, தட்டில் கிடக்கும் சோற்றை! தலையைச் சாய்த்து, இடது கண்ணைச் சுருக்கி! பார்த்தேன், பூரித்தேன், போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்: "தொழில் ரத்தத்துலயே இருக்குய்யா!"

பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் ஒருநாள் சீண்டினார். "அண்ணே, பாப்பா எப்பவும் இடது கண்ணைத்தான் மூடுது. மாத்தி மூடச் சொல்லுங்க பாப்போம். தச்சன்னா ரெண்டு பக்கமும் வரணும்ல?"

"அதுக்கென்ன! குண்டூசி, மாத்தி மூடும்மா."

வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். கதவருகே நின்ற என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு மூஞ்சி இல்லப்பா."

"உங்க அம்மாவும் அதையேதான் சொல்றா" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நெசமாப்பா. சட்டை மாதிரி ஏதோ இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல."

பெரியோர்களே! என் கையிலிருந்த உளி தரையில் விழுந்தது. கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை, மாறுகண் இல்லை, மறு இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணில் அப்பன் இல்லை!

இதோ அமர்ந்திருக்கும் மருத்துவரம்மாவிடம் ஓடினோம். "ரெண்டு கண்ணுக்கும் பவர் வேற வேற. இடது கண்ணு மூளைக்குப் படத்தைக் கலங்கலாவே அனுப்பியிருக்கு. மூளை அதை ஒதுக்கிட்டு, வலதை வச்சே பாத்துப் பழகிடுச்சு. இதைத்தான் சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றோம்" என்றார்.

"அவ ஒரு வார்த்தை சொல்லலையே டாக்டர்?" என்று கதறினாள் என் மனைவி.

"உலகமே இப்படித்தான் இருக்கும்னு நெனச்ச பிள்ளை, என்னன்னு சொல்லும்மா?"

எத்தனை எளிய கேள்வி!

கண்ணாடி கொடுத்தார். பிறகு அவர் சொன்னது அடுத்த அதிர்ச்சி. "தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணைப் பட்டை ஒட்டி மூடணும்."

"நல்ல கண்ணையா?" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"ஓடியாடி உழைக்கிறவன் வீட்டுல இருந்தா, படுத்திருக்கிறவன் எதுக்கு எழுந்திரிப்பான்?"

தாய்மார்களே, மூடினோம். வளர்ந்த வீட்டுக்குள்ளேயே என் மகள் சுவரைத் தடவி நடந்தாள். "எடுத்துவிடுங்கப்பா" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போதும், என் பிள்ளையைக் கொல்லாதீங்க" என்று என் மனைவி அழுதாள். மகளுக்குத் துணையாக நானும் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சுத்தியல் ஆணியை விட்டுவிட்டு என் கட்டைவிரலைக் கொஞ்சியது! ஆயினும் எடுத்தோமா? எடுக்கவில்லை! மாதங்கள் போயின. ஒரு காலை, நல்ல கண் மூடியிருக்க, மடியில் ஏறி உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தாள். "ச்சீ அப்பா, மூக்குக்குள்ள முடி!" என்றாள்.

இதைவிட இனிய வசவு எவன் கேட்டிருப்பான்?

மருத்துவம் இன்னும் முடியவில்லை. ஆனால் சிறு வயதில் பிடித்ததால் பிடி கிடைத்தது. வளர வளர அந்தப் பிடி நழுவுமாம். எனவே, தாய்மார்களே, வீட்டுக்குப் போய் அல்ல, இப்போதே! பிள்ளையின் ஒரு கண்ணை மெல்லப் பொத்துங்கள். என்னைப் பார்க்கச் சொல்லுங்கள். அழகில்லைதான், பொறுத்துக்கொள்ளட்டும்! இனி மறு கண்ணை...

அதோ, மூன்றாம் வரிசை. பச்சைச் சேலை அம்மா, பையன் ஏன் கையைத் தட்டிவிடுறான்? விளையாட்டா? இன்னொரு தடவை பொத்துங்க. அந்தப் பக்கம் பொத்தும்போது சும்மா இருக்கான். இந்தப் பக்கம்னா மறுபடியும் தட்டுறான்!

அம்மா, அழாதீங்க. அது என்னன்னு சொல்ல நான் டாக்டர் இல்ல. தம்பிக்கு என்ன வயசு? நாலா? நாலுதானேம்மா!

தலைமையாசிரியை அம்மா, மன்னியுங்கள். என் பேச்சு முடிந்தது. மருத்துவரம்மா, என்னைப் பார்க்காதீர்கள், அங்கே இறங்குங்கள்! இவ்வளவு நேரம் பொறுத்த பெருமக்களுக்கு நன்றி. தகப்பன்மார்களே, நடுவில் நிற்காமல் அந்தத் தாய்க்கு வழிவிடுங்கள். வணக்கம்.