தலைவர் ஒப்படைச்ச கோட்டு

கையைத் தொங்க விடுங்க சார். வெறப்பா வேணாம், பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி சும்மா நில்லுங்க. ஆங், அப்படித்தான். கண்ணாடியில பாருங்க, இடது பக்கம் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குதா? உங்க தோள்மேல தப்பில்ல. இந்தக் கோட்டைத் தைச்சதே ஒரு தோள் இறங்கின ஆளுக்கு. அது வெளியில தெரியக் கூடாதுன்னு இடது பக்கம் உள்ள கொஞ்சம் பஞ்சு கூட வச்சிருக்கு.

எப்படித் தெரியும்னா? வச்சதே நான்தானே.

ஏன் முழிக்கறீங்க, நகராட்சி ஏலத்துலதான எடுத்தீங்க? பின்ன. சுவர்க் கடியாரம், கண்ணாடி டம்ளர் செட்டு, பேனாப் பெட்டின்னு வரிசையா வச்சிருந்திருப்பாங்க, நடுவுல இது தொங்கியிருக்கும். திருட்டுப் பொருளெல்லாம் இல்ல, பயப்படாதீங்க. பதவியில இருக்கறவங்களுக்கு யாராவது அன்பளிப்பு குடுத்தா ஆபீஸ்ல சொல்லி எழுதி வைக்கணும். ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போய் சாப்பாடு வாங்கிக் குடுத்தாலும் சரி, எங்கயாவது தங்க வச்சாலும் சரி, எழுதணுமாம். விலை கூடின பொருளா இருந்தா ஒப்படைச்சிரணும். அப்புறம் அது ஏலத்துக்கு வந்துரும். நல்ல சட்டந்தான், நான் குறை சொல்லல.

திரும்புங்க. முதுகுல வேலை இல்ல, பக்கவாட்டுல பிடிச்சாப் போதும்.

நம்ம நகராட்சித் தலைவர் பதவி ஏத்துக்கற அன்னிக்குப் போட்டுக்கட்டும்னு தைச்சது இது. துணி என்னோடது, கூலின்னு பேச்சே கிடையாது. உள்பாக்கெட்டு வலது பக்கம் இருக்கு, கவனிச்சீங்களா? அவனுக்கு இடது கைப் பழக்கம்.

என்ன, அவன்னு சொல்லிட்டேனா? வாய் தவறிடுச்சு. தலைவருக்கு.

அளவுன்னு டேப்பு வச்சு எடுக்கவே இல்ல சார். கண்ணளவுலதான் வெட்டினேன். போட்டுப் பார்த்தா ஒரு சுருக்கம் இருக்கணுமே, ம்ஹூம். நீங்க நிக்கற அதே இடத்துல நின்னு, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துட்டு, இதைப் போட்டுக்கிட்டு எவனாவது தப்பு பண்ண முடியுமான்னு கேட்டாரு. நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு டீ போடப் போயிட்டேன்.

அப்புறம் ஒரு கூட்டம் நடந்துச்சு. மேடையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு ஏழை டெய்லரம்மா ஆசையாக் குடுத்த கோட்டு, அதைக்கூட நான் வச்சுக்கல, முறைப்படி ஒப்படைச்சிட்டேங்கறாரு. கைதட்டல்னா அப்படியொரு கைதட்டல். நான் கடைசி வரிசையில உக்காந்திருக்கேன். பக்கத்துல இருந்த பொம்பள என் தொடையத் தட்டி, எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்கங்கறா. ஆமாங்க ஆமாங்கன்னு நானும் தலையாட்டினேன். ஏழையாம்ல. கடை வாடகைய ஒரு மாசம் தள்ளிக் குடுத்ததில்ல நான்.

சிரிக்காதீங்க, குண்டூசி குத்திரும்.

அன்னிக்கும் மனசைத் தேத்திக்கிட்டேன். குடுத்ததை வேணாம்னுட்டாரே தவிர நேர்மையாத்தான் இருக்காரு, அது போதும்னு. இவ்வளவுக்கும் அந்த வீட்டு மனை போடற முதலாளி ஒரு வாட்ச்சு குடுத்தது எனக்குத் தெரியும். கையில கட்டியிருந்ததைப் பார்த்தேன். லீவுக்குக் குடும்பத்தோட அந்த ஆளோட மலை பங்களாவுல போய்த் தங்கிட்டு வந்ததும் தெரியும். எல்லாம் எழுதிக் குடுத்திருப்பாரு, வாட்ச்சும் ஒருநாள் ஏலத்துக்கு வரும்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

முந்தாநாள், அந்த அன்பளிப்புக் கணக்கு பார்க்கற அம்மா, பைக்கு ஜிப்பு மாத்த வந்தாங்க. புதுசா மாத்தலாகி வந்தவங்க, நான் யாரு எவருன்னு தெரியாது. பேச்சுவாக்குல கேட்டேன், வாட்ச்சு எப்பங்க ஏலத்துக்கு வரும்னு. அது வராதுங்க, சொந்தக்காரர் குடுத்தது, சொந்தத்துல குடுக்கறதை எழுத வேண்டியதில்லன்னாங்க. பங்களாவும் அதே கணக்குதானாம்.

என்ன சொந்தம்னேன். மச்சானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்தக் காலத்துல யாரு சார் மச்சான் இல்ல? கூடப் படிச்சவனும் மச்சான், டீக்கடையில பார்த்தவனும் மச்சான். வாய்ப்பழக்கத்துல சொன்னதை நீங்க நிஜம்னு எடுத்துக்கிட்டீங்களாங்கன்னேன். அந்தம்மா கெட்டிக்காரங்க. அதையே நானும் தலைவர்கிட்ட கேட்டேங்க, உங்க வீட்டம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்களே இல்லையே சார், எந்த வழியில மச்சான்னு. பெண்சாதி வழியில இல்ல, அக்கா வீட்டுக்காரர்னு சொல்லி அவரே கையெழுத்தும் போட்டுட்டாருன்னாங்க.

இந்தப் பக்கம் கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்துக்கு.

நேத்து தலைவரே போன் பண்ணினாரு. அந்த வாட்ச்சு விஷயமாப் புகார் போயிருக்காம், கடைக்கு விசாரிக்க ஆள் வந்தாலும் வருவாங்களாம். டெய்லர்னு மட்டும் சொல்லு, வேற எதுவும் வாயத் தொறக்காத, ப்ளீஸ்னாரு. நான் பேசினா பதவி போயிரும், அது ரெண்டு பேருக்கும் தெரியும். அடிச்சுப் பேசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கோவிச்சிக்கிட்டு சாப்பிடாமப் படுத்த காலத்துல இருந்து பார்க்கறேன், என்கிட்ட ப்ளீஸ்னு சொன்னதே இல்ல. யாரோ எவரோகிட்ட பேசற மாதிரி.

என்ன சொல்லப் போறேனா? தெரியல சார். ராத்திரியெல்லாம் அதான் ஓடுது. டெய்லர்தானே நான், அது பொய்யில்லையே. ஆனா அவங்க அடுத்ததா அந்த மனைக்காரரைப் பத்திக் கேப்பாங்கல்ல.

மெதுவாக் கழட்டுங்க, கைக்குள்ள ஊசி இருக்கு. அவனுக்கு அக்கான்னு இருக்கறது நான் ஒருத்திதான். எனக்குத்தான் கல்யாணமே ஆகலையே.